மொட்டை மாடியில் ஒரு பியர் கிளாஸும், கொஞ்சம் சரித்திரமும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆபீஸ், ஆடிட், மூட்டு வலி என்று சாக்குகளுக்குப் பஞ்சமில்லை. இன்றைக்கு எழுத உட்கார வைத்தது ஒரு பியர் கிளாஸ். கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

புனேயில் எங்களுக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு. டிசம்பர் கடைசியில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவது வழக்கம். வெளியூரில் குப்பை கொட்டும் எல்லோருக்கும் இந்த மாதிரிக் கூட்டங்கள் தெரிந்திருக்கும். பெரிய பாத்திரத்தில் சாம்பார் சாதம், கடையில் வாங்கிய ஸ்வீட், 'ஊருக்கு எப்போ போறீங்க' என்ற விசாரிப்பு. சாப்பாடு முடிந்ததும் கூட்டம் தானாக இரண்டாகப் பிரியும். ஆண்கள் பாட்டில்களோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். பெண்கள் ஹாலில் உட்கார்வார்கள். இருபது வருடமாக இப்படித்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

போன டிசம்பரில் நண்பர் ஒருவரின் பிள்ளையும் வந்திருந்தது. 22 வயது, பல்கலைக்கழகத்தில் முதுகலை. பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தவன் நான். பையன் என்றுதான் எல்லோரும் சொல்லி வளர்த்தோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா அம்மாவை உட்கார வைத்து, "நான் ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. ரெண்டு கட்டத்துலயும் என்னைப் போடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். நண்பர் இதை ஒருமுறை காரில் போகும்போது என்னிடம் சொன்னார். "வயசுக் கோளாறு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் அவர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். மேலேயும் வரவில்லை, ஹாலுக்கும் போகவில்லை. நான்தான் ஒரு கிளாஸில் பியர் ஊற்றி நீட்டினேன். "வாடா, ஆம்பளப் பிள்ளை ஒரு பியர்கூடக் குடிக்கலைன்னா எப்படி?" என்றேன். மாடியில் இரண்டு பேர் சிரித்தார்கள். "வேண்டாம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். பத்து நிமிடத்தில் ஹாஸ்டலுக்கே கிளம்பிவிட்டார். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. தன் கிளாஸைக் கீழே வைத்தார், அவ்வளவுதான்.

வரும் வழியில் தங்கமணி கேட்டாள்: "அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?" சொன்னேன். அப்புறம் வீடு வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. இருபத்தைந்து வருட தாம்பத்தியத்தில் அந்த மௌனத்தின் எடை எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து அவருக்கு போன் போட்டேன். அவர் படிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது. "குடிக்காம இருக்கிறது நல்ல விஷயம்தான்ப்பா, அப்பா அம்மா வளர்ப்பு அப்படி" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அது காரணமே இல்ல அங்கிள்."

பிறகு அவர் சொன்னதை என் நினைவிலிருந்து எழுதுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், கல்லூரி எல்லாம் வேண்டாம் என்றார்.

"ராத்திரி தனியா ஆட்டோல திரும்பணும். என்னைப் பார்த்ததும் முறைக்கிறவன், சிரிக்கிறவன், பின்னாலேயே வர்றவன்னு பல பேர் இருப்பாங்க. அந்த நேரத்துல புத்தி முழுசா முழிச்சிருக்கணும். அப்புறம், எந்த கிளாஸை எடுத்தாலும் அதுல ஆம்பளை பொம்பளைன்னு எழுதி ஒட்டியிருக்கு. பியர் குடிச்சா பையன், ஒயின் குடிச்சா பொண்ணு. எங்க குரூப்ல சில பேர் ஹார்மோன் எடுக்கிறாங்க, டாக்டர் குடிக்கிறதுல ஜாக்கிரதைன்னு சொல்லியிருக்கார். ஒரு ஃப்ரெண்ட் ரெண்டு ரவுண்டு போட்டாத்தான் தைரியமா தன்னைப் பத்திப் பேசுவா. குடிச்சாத்தான் நான் நானா இருக்க முடியும்னா, காலைல எழுந்திருக்கிறது யாரு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியாக அவர் சொன்னதுதான் என்னைப் படிக்க வைத்தது. "எங்களை மாதிரி ஆளுங்க பயமில்லாம சந்திக்கணும்னா, நகரத்துல காட்டுற இடமெல்லாம் பார், பப், பார்ட்டி. ஏன் அப்படின்னு யோசிச்சிருக்கீங்களா? உங்களுக்குத்தான் சரித்திரம் பிடிக்குமே, படிச்சுப் பாருங்க."

படித்தேன். இந்தக் கதையைத் தேதி வாரியாக எழுதி வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். அதனால் முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் புனேவுக்குத் திரும்புவோம்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது முடிந்ததும் ஒவ்வொரு மாநிலமும் மதுக்கடைகளுக்கு விதிகள் போட்டன. நியூயார்க்கில் 1934-ல் மது ஆணையம் வந்தது. லைசென்ஸ் உள்ள கடை 'ஒழுங்கீனமான' இடமாக இருக்கக்கூடாது என்பது விதி. தன்பாலீர்ப்பாளர்கள் நாலு பேர் கூடினாலே ஒழுங்கீனம் என்று அதிகாரிகள் பொருள் எடுத்துக்கொண்டார்கள். விளைவு என்ன? நேர்மையாகக் கடை நடத்துபவன் பயந்து இவர்களை வெளியே அனுப்பினான். பயப்படாதவன் மாஃபியாக்காரன். போலீஸுக்கு மாமூல் கொடுத்துவிட்டு இவர்களுக்கென்றே பார் நடத்தினான். இவர்களுக்கோ பார்க்கில் நின்றால் கைது, வேலையிடத்தில் தெரிந்தால் சீட்டுக் கிழியும். கொஞ்ச நேரம் தானாக இருக்க அந்த இருட்டு பார் ஒன்றுதான் மிச்சம். அங்கே நிற்க வேண்டுமானால் கையில் கிளாஸ் இருக்க வேண்டும். காலியானால் அடுத்ததை வாங்க வேண்டும். சரக்கு என்பது அவர்கள் நிற்கும் இடத்துக்குக் கொடுத்த வாடகை. எனக்கு விஷயம் பிடிபட்டது இந்த இடத்தில்தான்.

1966 ஏப்ரல் 21 அன்று மாட்டசீன் சொசைட்டி என்ற அமைப்பைச் சேர்ந்த சில இளைஞர்கள் நியூயார்க்கில் ஒரு வேலை செய்தார்கள். 1960-ல் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு கவுண்டரில் உட்கார்ந்து போராடினார்களே, அதே பாணி. பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு பாராகப் போய், 'நாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள், எங்களுக்குக் குடிக்கக் கொடுங்கள்' என்று கேட்பது. மறுத்தால் வழக்குப் போடலாம் என்று திட்டம். வேடிக்கை என்னவென்றால் முதலில் போன கடைகளில் சிரித்துக்கொண்டே கொடுத்துத் தொலைத்துவிட்டார்கள்! கடைசியில் 'ஜூலியஸ்' என்ற பாரில்தான், கிளாஸை எடுத்து வைத்த ஆள் விஷயம் தெரிந்ததும் அதைக் கையால் மூடினான். அந்தப் புகைப்படம் இன்றைக்கும் பிரபலம். அடுத்த வருடமே பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில், இவர்கள் கூடுகிறார்கள் என்பதற்காக மட்டும் ஒரு பாரைத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அந்தக் குழுவில் கிரெய்க் ராட்வெல் என்று ஒருவர் இருந்தார். குடிக்கும் உரிமை கேட்டுப் போராடிய அதே மனிதர், 1967 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு புத்தகக் கடை திறந்தார். ஆஸ்கார் வைல்டு பெயரில். பாருக்கு வெளியேயும் நம்மவர்கள் கூட ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தார். அந்தக் கடை 2009 வரை நடந்தது.

ஸ்டோன்வால் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1969 ஜூன் 28 அதிகாலை போலீஸ் ரெய்டு, அதைத் தொடர்ந்த கலகம். அந்த பார் எப்படி இருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. மாஃபியாவின் கடை, மது லைசென்ஸ் கிடையாது. பார் கவுண்டருக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் இல்லை. குடித்த கிளாஸை ஒரு தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். சரக்கிலும் தண்ணீர். ரெய்டுகளில் பெண் உடையில் இருப்பவர்களைப் பாத்ரூமுக்கு அழைத்துப் போய் ஆணா பெண்ணா என்று பரிசோதிப்பது வழக்கம். அன்றைக்கு அவர்கள் வர மறுத்தார்கள். பொறுமை உடைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இவர்களிலும் கடைசி வரிசையில் நின்றவர்கள் திருநங்கைகள். சான் பிரான்சிஸ்கோவில் எதிர்ப்பால் உடை அணிவதைக் குற்றமாக்கும் சட்டம் 1863-லிருந்து 1974 வரை இருந்தது. திருநங்கை ஒருவர் உள்ளே இருந்தால் அதையே காரணமாக வைத்து போலீஸ் வரும் என்று, தன்பாலீர்ப்பாளர் பார்களே இவர்களை வாசலில் நிறுத்தின. வாடகை கொடுக்கத் தயாராக இருந்தும் வீடு கிடைக்காதவர்கள். அதனால் டெண்டர்லாயின் பகுதியில் இரவெல்லாம் திறந்திருக்கும் காம்ப்டன்ஸ் கஃபேட்டீரியாவில் உட்கார்ந்தார்கள். ஒரு காபி வாங்கினால் விடியும்வரை உட்காரலாம். 1966 ஆகஸ்டில் ஒரு இரவு, கையைப் பிடித்து இழுத்த போலீஸ்காரர் முகத்தில் ஒரு திருநங்கை தன் காபியை வீசினார். கண்ணாடிகள் உடைந்தன, தெருவில் சண்டை நடந்தது. ஸ்டோன்வாலுக்கு மூன்று வருடம் முந்தியது இது. வரலாற்றாசிரியர் சூசன் ஸ்ட்ரைக்கர் இதைத் தோண்டி எடுத்து 2005-ல் ஆவணப்படமாக எடுத்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இதைப் படித்தபோது அந்த டீக்கடை ஞாபகம் வந்தது.

இனி பல்கலைக்கழகம். 1967 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு மாணவர் சங்கத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது. அமெரிக்காவில் தன்பாலீர்ப்பு மாணவர்களுக்காகப் பதிவான முதல் சங்கம் அது. சங்கம் என்றால் என்ன கிடைக்கும்? ஒரு அறை, ஒரு நோட்டீஸ் போர்டு, கூட்டம் போட ஒரு மாலை நேரம். நமக்கு இது அற்பம். அவர்களுக்கு கிளாஸ் வாங்காமல் உட்காரக் கிடைத்த நாற்காலி. 1970-லிருந்து அதே வளாகத்தில் ஏர்ல் ஹால் கட்டடத்தில் நடன நிகழ்ச்சிகள் நடந்தன. 2018-ல் அந்தக் கட்டடத்தை அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்த்தார்கள்.

எல்லாப் பல்கலைக்கழகங்களும் இப்படி இல்லை. அதே 1970-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வைன்ஸ்டீன் ஹாஸ்டலில் இப்படி நடந்த நடனங்களுக்கு நிர்வாகம் தடை போட்டது. செப்டம்பரில் மாணவர்களும் வெளியாட்களும் கீழ்த்தளத்தில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். சில நாளில் போலீஸ் வந்து காலி செய்தது. அங்கே உட்கார்ந்தவர்களில் ஒருவர் சில்வியா ரிவேரா. மாணவி அல்ல, தெருவில் வளர்ந்தவர். அந்தப் போராட்டத்தின் சூட்டில்தான் அவரும் மார்ஷா பி. ஜான்சனும் 'ஸ்டார்' என்ற அமைப்பைத் தொடங்கி, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்க இடம் கொடுத்தார்கள். திருநர் இயக்கத்தின் முக்கியமான தொடக்கம் ஒன்று, ஒரு மாணவர் ஹாஸ்டலின் கீழ்த்தளத்தில்!

ஐம்பது வருடம் பாரில்தான் சந்திக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தை வைத்தால் குடி கூடத்தான் செய்யும். 1975-ல் லாஸ் ஏஞ்சலஸில் வந்த ஒரு ஆய்வு, இவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடிப் பிரச்சினை என்றது. பலரும் அதை மேற்கோள் காட்டினார்கள். ஆனால் அந்த ஆய்வுக்கு ஆட்களைத் தேடியதே பார்களில். மெரினாவில் நின்று எண்ணிவிட்டு, சென்னைக்காரர்கள் எல்லோரும் தினமும் சுண்டல்தான் சாப்பிடுகிறார்கள் என்று எழுதுவதைப் போல. பின்னால் ஒழுங்காக எடுத்த ஆய்வுகளிலும் சில பிரிவினரிடம் குடி அதிகம் என்று வந்தது உண்மை. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 1995-லும் 2003-லும் எழுதிய கட்டுரைகளில் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஓயாத ஒதுக்கலும், எப்போது தெரிந்துவிடுமோ என்ற பயமும், ஒளித்து வாழும் பாரமும் சேர்ந்து உடம்பையும் மனதையும் அரிக்கின்றன என்கிறார் அவர். குற்றம் அந்த மனிதர்களின் ரத்தத்தில் இல்லை, சுற்றி நிற்பவர்களிடம் இருக்கிறது. கிளாஸை நீட்டுபவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கூட்டத்துக்குள்ளேயே குடியை விட நினைத்தவர்களும் இருந்தார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு, தன்பாலீர்ப்பாளர் குழுக்களைத் தன் கையேட்டில் சேர்க்கலாமா என்று விவாதித்து 1974-ல் சரி என்றது. எதிர்ப்பக்கத்தில், 1980-களில் பெரிய வோட்கா கம்பெனி ஒன்று இவர்களுடைய பத்திரிகைகளில் தொடர்ந்து விளம்பரம் கொடுக்க ஆரம்பித்தது. வேறு யாரும் விளம்பரம் தராத காலம் அது. நன்றியோடு வாங்கிக்கொண்டார்கள். வாடகை வசூல் ஒரு வகையில் தொடர்ந்தது.

1984-ல் இன்னொரு சட்டம் வந்தது. குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதி குறைக்கப்படும் என்றார்கள். 1988-க்குள் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. அதன்பின் கல்லூரியில் சேரும் 18 வயதுப் பிள்ளைக்கு பார் கதவு சட்டப்படி மூடியது. தன்னைப் போன்றவர்களைத் தேட வேண்டுமானால் வளாகத்துச் சங்கம், நூலகம், காபிக் கடைதான். குடிக்காத சந்திப்பு என்பது அந்தத் தலைமுறைக்குத் தொடக்கத்திலேயே பழகிப்போயிற்று.

சரி, புனேவுக்குத் திரும்புவோம். இங்கே 'பெர்மிட் ரூம்' என்ற போர்டைப் பார்த்து ஊரிலிருந்து வரும் மச்சான்கள் எல்லோரும் அர்த்தம் கேட்பார்கள். 1949-ம் வருடத்து பம்பாய் மதுவிலக்குச் சட்டம் விட்டுச்சென்ற அடையாளம் அது. குடிக்க பெர்மிட் வேண்டும் என்பது விதி. பியருக்கு 21 வயது, ஹாட் சரக்குக்கு 25. வயதைக் காட்ட அட்டையை நீட்ட வேண்டும். அட்டையில் ஒரு பெயர், ஒரு பால், பழைய போட்டோ. எதிரே நிற்பவர் வேறு மாதிரி இருந்தால் வாசல்காரரின் பார்வை மேலும் கீழும் போகும். பாத்ரூமுக்கு அழைத்துப் போகும் போலீஸ் இல்லை என்றாலும், கேள்வி அதேதான்.

நம் நாட்டுச் சரித்திரமும் லேசுப்பட்டதல்ல. வெள்ளைக்காரன் 1871-ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, திருநங்கைகளைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவானவர் பெண் உடையில் பொது இடத்தில் நின்றால் வாரண்ட் இல்லாமல் கைது, இரண்டு வருடம் வரை சிறை. சான் பிரான்சிஸ்கோவில் 1863, இங்கே 1871. எட்டு வருடம்தான் வித்தியாசம். 2014 ஏப்ரல் 15-ம் தேதி உச்ச நீதிமன்றம், தன் பாலை முடிவு செய்யும் உரிமை அவரவருக்கே என்று தீர்ப்பளித்தது. கல்வியில் இட ஒதுக்கீடு தரவும் சொன்னது. 2018-ல் 377-வது பிரிவு பற்றிய தீர்ப்பு வந்தது. பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்து சேர இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. வந்த பிறகு அவர்கள் கேட்பது, கிளாஸ் பிடிக்காமல் உட்கார ஒரு இடம். அதை நம் கூட்டத்திலேயே நான் கொடுக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை மறுபடி பார்க்கப் போனேன். இந்த முறை நேராக மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "பியர் பரவாயில்ல அங்கிள். அந்த 'ஆம்பளப் பிள்ளை'தான். நீங்க எல்லாரும் இருக்கிற கூட்டத்துக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வந்தேன். எங்க நிக்கிறதுன்னு தெரியாமத்தான் படியில நின்னேன்" என்றார். "உன்னை எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டேன். "சின்ன வயசுல கண்ணுன்னு கூப்பிடுவீங்க. அதுவே நல்லாத்தான் இருந்துச்சு." ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று உலகமே மண்டையை உடைத்துக்கொள்கிறது. நம் பாஷையில் கண்ணு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, அவர் இருக்கிறது.

பொங்கலுக்கு எங்கள் வீட்டில் கூட்டம். சாப்பாடு முடிந்ததும் தங்கமணி பெரிய ஃபில்டரில் காபி போட்டாள். டபராக்களை நான்தான் மாடிக்குக் கொண்டுபோனேன். ஹாலில் இருந்தவர்களையும் மேலே கூப்பிட்டோம். பாட்டில் இல்லையா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஒருத்தர் சீக்கிரமே கிளம்பியும் போனார். கண்ணு வந்திருந்தார். ஒன்பது மணிக்குப் போக வேண்டும் என்று சொன்னவர் பதினொன்றரை வரை இருந்தார். கிளம்பும்போது நண்பர் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். காரில் நான் சொன்ன 'வயசுக் கோளாறு' அவருக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை.

குடிப்பது சரியா தப்பா என்று நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. நானே சனிக்கிழமைகளில் ஒன்றிரண்டு எடுப்பவன்தான். உங்கள் ஊர்க் கூட்டத்திலும் மாடிப்படியில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கலாம். அவர் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள்.

பி.கு: ஃபில்டர் காபி இருபது பேருக்குப் போடும் கணக்கு வேண்டுபவர்கள் தங்கமணியைக் கேட்கவும். அந்த சரித்திரம் எனக்குத் தெரியாது.